உயிரோடு சலித்த சேறு

பிப்ரவரி 2, திங்கள்

எங்கள் கடல் ஆய்வு நிலைய இயக்குநர் சடகோபன் சார் கூப்பிட்டு மூன்று ஆய்வறிக்கைகளை என் பக்கம் தள்ளினார். “டெல்பின், இத ஒண்ணாக்கிக் குடுங்க” என்றார். சாம்பார், ரசம், மோர் மூன்றையும் ஒரே குண்டானில் ஊற்றச் சொல்கிற தொனி.

மூன்றும் சேவல்பார் என்ற கடலடிப் பாறைத்திட்டை ஒட்டிய சேற்றுத்தரையில் வாழும் உயிர்களின் கணக்கு. முதலாவது பேராசிரியர் ஞானையா பன்னிரண்டு வருஷத்துக்கு முன் செய்தது. இரண்டாவது ஒரு தனியார் கம்பெனி இடையில் செய்தது. மூன்றாவது எங்கள் ஆய்வு மாணவி ஷமீமா போன வருஷம் முடித்தது. மூன்றையும் ஒரே கணக்காக்கி, கடலடியில் என்ன மாறியது என்று நான் சொல்ல வேண்டும்.

ஆறு வருஷமாக அந்தச் சேற்றில் ஒரு பகுதியில் விசைப்படகுகள் தரையை வாரி இழுக்கும் வலையான இழுவை மடி போடுவதில்லை. சிறு நாட்டுப்படகு வைத்திருக்கும் வள்ளக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் அடித்துக்கொண்டு கடைசியில் ஒப்பந்தம் போட்டார்கள்: “கடலடி உயிர்கள் மீளும் வரை இங்கே இழுப்பதில்லை.” ஏப்ரலில் கூட்டம். மூடிய இடம் மூடியே இருக்குமா, திறந்துவிடுவார்களா என்பது அங்கே முடிவாகும். என் அறிக்கையைக் கேட்டுவிட்டு முடிவு செய்வார்களாம்.

என் அண்ணன் பெனிட்டோவுக்கு இரண்டு விசைப்படகு இருக்கிறது. அது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்: நான் யார் பக்கமும் இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

கம்பெனி அறிக்கையைத் திறந்தேன். அட்டை பளபளப்பு. உள்ளே “புழு, சிறியது. புழு, பெரியது. புழு, மற்றவை.” மற்றவை என்றால் என்ன, நடுத்தரப் புழுவா? அதை ஓரமாக வைத்துவிட்டேன். ஞானையாவும் ஷமீமாவும் போதும்.

பிப்ரவரி 11, புதன்

பெயர்களை ஒத்துப் பார்க்கிற வேலை முடிந்தது. ஞானையா காலத்தில் ஒரே புழுவாக இருந்தது இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இரண்டு மட்டிகள் ஒன்றாகியிருக்கின்றன. நல்லவேளை, சேற்றில் இருப்பவற்றுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

இருவரும் ஒரே மாதிரி கிராப்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரும்புத் தாடை அது. கயிற்றில் இறக்கினால் தரையில் ஒரு கவளம் சேற்றைக் கடித்துக்கொண்டு மேலே வரும். அந்தச் சேற்றைச் சல்லடையில் கொட்டித் தண்ணீர் விட்டால் சேறு போய்விடும், உயிர்கள் தங்கும். சல்லடைக் கண்ணும் இரண்டு ஆய்விலும் அரை மில்லிமீட்டர். மாதமும் மார்ச். இதைவிட ஒத்துப்போகிற இரண்டு ஆய்வுகள் கிடைக்காது. மனம் குளிர்ந்தது.

சிலிண்டர் வந்தது. தூக்கி வைக்க ஆள் இல்லாமல் உருட்டிக்கொண்டே சமையலறைக்குப் போனேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணன் ஊளி மீன் கொடுத்தனுப்பியிருந்தான். வெட்டிச் சுத்தம் செய்து, முட்டை கூடத் தனியாக எடுத்து வைத்து. பிறகு போனில், “மீன் நல்லா இருந்துச்சாட்டி?” என்றான். நல்லா இருந்தது என்றேன். “வேல எப்படிப் போகுது? கடலுக்கு அடியில ஏதாச்சும் இருக்கா?” என்றான்.

கணக்கு இன்னும் முடியவில்லை என்றேன். இதுவரைக்கும் என் வேலையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மீன் எதற்கு வந்தது என்று எனக்குப் புரியாமலா இருக்கும்? ஆனாலும் முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு கணினி முன் உட்கார்ந்தேன். மதியத்துக்குமேல் கணக்கின் வரைபடம் வந்தது.

மூடிய இடத்தில் உயிர்கள் மூன்று மடங்கு! முக்கியமாகப் புழுக்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஷமீமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதிராம்பட்டினத்துப் பெண், சத்தமே வராமல் பேசுவாள். இன்றைக்கு, “அல்லாவே!” என்று கத்தியதில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுடைய முனைவர் பட்டத்துக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது.

மூடாத இடத்திலும், அதாவது தினமும் மடி உழுகிற வெளிப்பக்கத்திலும், ஒன்றரை மடங்கு கூடியிருக்கிறது. அதை மட்டும் பிறகு யோசிக்க வேண்டும்.

உபவாச நாள். பசி தெரியவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

வெளிப்பக்கம் ஏன் கூடியது என்று சாரிடம் கேட்டேன். “இழுவையால பெரிய உயிர்கள் செத்தா, அந்த எடத்துல சின்னப் புழு சீக்கிரமாப் பெருகும். எல்லாக் கடல்லயும் நடக்கறதுதான்” என்றார். அது உண்மைதான். அப்படி நடப்பதுண்டு.

ஆனால் காரணம் கேட்டவுடன் கிடைக்கிற காரணத்தின் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

பிப்ரவரி 28, சனி

அறிவியல் தின விழா. பக்கத்துக் கல்லூரியில் சார் பேசினார். மாணவர்கள் தூங்குவதைப் பார்த்துவிட்டு அவருக்கு வேகம் வந்துவிட்டது. “நம்ம சேவல்பார்ல உயிர்கள் மூணு மடங்கு பெருகியிருக்கு!” என்று போட்டு உடைத்தார். முன்வரிசையில் நிருபர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

பத்திரிகையில் வந்துவிட்டது. என் பெயரும்.

கோயிலிலிருந்து வெளியே வரும்போது இன்னாசி அண்ணாச்சி வழிமறித்தார். வள்ளக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். “தாயீ, நம்ம கடல் பெருகிட்டுல்லா! இனி எவன் வந்து தொறக்கச் சொல்லுவான்?” என்று என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் போன்.

“ஏட்டி, பேப்பர்ல மூணு மடங்குன்னு போட்டிருக்கே. நெசமா?”

“நெசந்தான்.”

“நீதான் கணக்குப் போட்டியா? வேற எவனும் இல்லியே?”

“நாந்தான்.”

“அப்பச் சரி” என்று வைத்துவிட்டான்.

“அப்பச் சரி” என்பதில் எவ்வளவு கோபம்! ஆறு வருஷத்துக்கு முன் மூடச் சொன்னது எங்கள் நிலையம். நான் அல்ல. ஆனால் அண்ணனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மார்ச் 5, வியாழன்

மைனி, அண்ணன் மனைவி, போன் செய்தாள். அண்ணன் புது மடி தைக்கக் கொடுத்திருக்கிறானாம், சின்னப் படகின் எஞ்சினையும் இறக்கி வேலை பார்க்கிறானாம், வீட்டில் பேச ஆள் இல்லையாம். வருஷாவருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில், ஜூனில், செய்வதை இப்போதே ஏன் செய்கிறான் என்று அவளுக்குக் குறை. ஆண்களுக்கு மனம் சரியில்லாவிட்டால் எஞ்சினைப் பிரிப்பார்கள் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

மார்ச் 6, வெள்ளி

எந்தெந்த உயிர் கூடியது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். விசித்திரமாக இருக்கிறது.

மட்டி கூடவில்லை. சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் இதய வடிவக் கடல் முள்ளெலி கூடவில்லை. குழாய் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும் புழுக்களும் கூடவில்லை. கூடியதெல்லாம் வெற்றுடம்பாகத் திரிகிற ஒல்லிப் புழுக்கள் மட்டும். உள்ளேயும் வெளியேயும் அப்படித்தான்.

ஒல்லியாக இருப்பவை எல்லாம் ஒரே சொந்தக்காரர்கள் அல்ல. தின்பதும் வேறு, முட்டையிடும் காலமும் வேறு. ஒல்லியாக இருப்பதைத் தவிர இவற்றுக்குள் ஒரு ஒற்றுமையும் இல்லை. ஒல்லியாக இருந்தால் பெருகும் என்று கடலில் சட்டமா?

மார்ச் 8, ஞாயிறு

கோதுமை மாவில் புழு. டப்பாவைச் சரியாக மூடாததற்குத் தண்டனை. வீணாக்க மனம் இல்லாமல் சலித்தேன். மாவு எல்லாம் இறங்கி, சல்லடையில் நாலைந்து புழு மிஞ்சியது. கொட்டுவதற்குள் போன் அடித்தது. பால்காரர். பேசிவிட்டு வந்து பார்த்தால் சல்லடையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் தலையைக் கண்ணிக்குள் விட்டு இடுப்பை நெளித்துக்கொண்டிருக்கிறது. மற்றவை ஏற்கெனவே கீழே மாவில்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். செத்த புழு சல்லடையில் கிடக்கும். உயிருள்ள புழு வழி தேடும்.

ஞானையா சேற்றை உயிரோடு சலித்தாரா? ஷமீமா?

அறிக்கையில் சல்லடைக் கண்ணின் அளவு இருக்கிறது. சலிக்கும்போது உள்ளே இருந்தது உயிரோடு இருந்ததா என்று யாரும் எழுதுவதில்லை. நானும் எழுதியதில்லை.

மார்ச் 9, திங்கள்

ஞானையா இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறார். போனில் பிடித்தேன்.

“சார், சேறு வந்ததும் என்ன செய்வீங்க?”

“என்னம்மா கேள்வி? படகுலயே தண்ணி விட்டுச் சலிச்சிருவோம். மிஞ்சுறதப் பாட்டில்ல போட்டு அப்புறந்தான் பார்மலின். சேத்தக் கரைக்கு யாரு சுமக்கறது?”

பிறகு ஷமீமா. அவள் நகத்தைக் கடித்தாள். “எனக்குக் கடல் ஒத்துக்காதுல்லக்கா. படகு ஆடுனா வாந்தி. குனிஞ்சு சலிக்கவே முடியல. அதான் சேத்த வாளியோட அப்படியே பார்மலின் ஊத்தி மூடிக் கொண்டாந்துட்டேன். கரைக்கு வந்து நிதானமாச் சலிச்சேன். தப்பாக்கா?”

தப்பே இல்லை. அவள் முறைதான் இன்னும் நல்ல முறை. உயிரைக் கொன்று கெடாமல் வைக்கும் பார்மலினில் விறைத்த புழு சல்லடையில் குச்சி மாதிரி குறுக்கே கிடக்கும், ஒன்றும் தப்பாது. ஞானையாவின் புழுக்கள் கண்ணி வழியே நழுவிக் கடலுக்கே திரும்பிப் போயிருக்கும். அப்படியானால் பெருகியது புழு இல்லை.

இன்னும் தெரியாது. சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

சாரிடம் சந்தேகத்தைச் சொன்னேன். “கூட்டம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாமே” என்றார். “மூணு மடங்கு போச்சுன்னா தொறந்து விட்டுருவாங்க, டெல்பின். ஆறு வருஷம் மூடியும் ஒண்ணும் ஆகலையேன்னு கேப்பாங்க.”

இதுதான் என்னையும் அரிக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மூன்று மடங்கு இல்லை என்று நான் எழுந்து சொன்னால், அண்ணனுக்காகச் சொன்னேன் என்றுதான் ஊர் பேசும். ஊர் பேசட்டும் என்று எழுதிப் பார்த்தேன். எழுதுவது சுலபம்.

மார்ச் 17, செவ்வாய்

ஷமீமாவும் நானும் இன்னாசி அண்ணாச்சியின் வள்ளத்தில் போனோம். காற்று இல்லை. ஷமீமா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே வந்தாள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கவளம் சேறு. ஒன்றை ஞானையா முறையில் உடனே சலிப்பது, மற்றதை ஷமீமா முறையில் பார்மலின் ஊற்றி மூடுவது.

முதல் சேற்றைச் சலித்தபோது சல்லடைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தட்டைப் பிடித்தேன். சேறு கரைந்து போனதும் ஷமீமா குனிந்து பார்த்தாள்.

“அக்கா! ஓடுதுக்கா!”

சல்லடையின் அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பு நூல்கள் தொங்கின. பாதி உடம்பு மேலே, பாதி கீழே. ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு தட்டில் விழுந்து நீந்தின. ஒரு புழு பின்பக்கமாகவே இறங்கியது. அதைப் பார்த்து அவள் கைதட்டினாள். நானும்தான். இருபது வருஷமாக இந்தப் புழுக்களைப் பாட்டிலில் பார்க்கிறேன், ஒன்றாவது இப்படிச் சாமர்த்தியமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை. “அந்தா, அந்தத் தடியனப் பாருங்க, மாட்டிக்கிட்டான்” என்று அண்ணாச்சியும் எட்டிப் பார்த்தார். மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஷமீமா மெதுவாக நிமிர்ந்தாள். எலுமிச்சம்பழம் கையிலிருந்து உருண்டு போனது அவளுக்குத் தெரியவில்லை.

“என் மூணு மடங்கு இதுதானாக்கா?” என்றாள்.

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. நாங்கள் சொல்லவும் இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

எண்ணி முடித்தோம். தலை உள்ளவற்றை மட்டும் எண்ணுவது எங்கள் வழக்கம், வால் எத்தனை கிடந்தாலும் கணக்கில்லை. உயிரோடு சலித்த சேற்றில், விறைக்கவைத்துச் சலித்ததில் இருந்த ஒல்லிப் புழுக்களில் மூன்றில் ஒரு பங்குதான் தங்கியிருக்கிறது.

மூடிய இடத்து மூன்று மடங்கு முழுவதும் போயிற்று. வெளிப்பக்கத்து ஒன்றரை மடங்கு என்பது உண்மையில் பாதி.

ஷமீமா கழிப்பறைக்குப் போய் ரொம்ப நேரம் வரவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து, “சொல்லணும்க்கா” என்றாள். “என் தீசிஸ நான் திருத்திக்கிறேன். ஆனா சொல்லாம எப்படி இருக்கறது? பாத்துட்டோமே.”

நான் அவளுக்குச் சொல்ல நினைத்த வார்த்தைகளை அவளே எனக்குச் சொல்லிவிட்டாள். அவளைக் கட்டிக்கொண்டேன். இருவர் மேலும் பார்மலின் நாற்றம்.

மார்ச் 26, வியாழன்

ஷமீமா ஒரு யோசனை சொன்னாள்: “நெளியத் தெரியாதத மட்டும் எண்ணுனா என்னக்கா?”

மட்டி, முள்ளெலி, குழாய்ப் புழு. இவை உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் கண்ணியில் நுழையாது. நாங்கள் எடுத்த இரட்டைச் சேற்றிலும் இவை இரு பக்கமும் சமமாகத்தான் இருந்தன. ஆகவே இவற்றை மட்டும் வைத்து ஞானையாவையும் ஷமீமாவையும் ஒப்பிடலாம், கலப்படம் இல்லை. ஒல்லிப் புழுவையும் புதிய விகிதத்தால் திருத்திச் சேர்த்துப் பார்த்தோம்.

இரண்டு வழியிலும் ஒரே விடை. மூடிய இடத்தில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன், அங்கேயும் மடி உழுதுகொண்டிருந்த காலத்தில், இருந்த அளவுதான் இப்போதும். கூடவில்லை, குறையவுமில்லை. வெளியே பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது.

அதாவது மூடியதால் எதுவும் வளரவில்லை. இருந்தது போகாமல் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இது அழகான விடையாகத் தெரிகிறது. கூட்டத்தில் யாருக்குத் தெரியப் போகிறது? “ஒன்றும் ஆகவில்லை” என்பதை வெற்றி என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 30, திங்கள்

சாரிடம் புதிய அறிக்கையைக் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “கூட்டத்துல நீங்களே சொல்லுங்க. நான் வாய விட்டதுதான் பேப்பர்ல வந்துச்சு. இன்னொரு தடவ நான் வாயத் தொறக்கல” என்றார். கோபமில்லை. அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

அண்ணன் வீட்டில் சாப்பாடு. ஆட்டுக்கறி, மைனியின் கைப்பக்குவம். தாழ்வாரத்தில் புது மடி பச்சை நிறத்தில் குவிந்து கிடந்தது. இறால் மடி, கண்ணி சின்னது. பிள்ளைகள் அதன் மேல் ஏறிக் குதித்தார்கள், அண்ணன் அதட்டவே இல்லை. அவன் இவ்வளவு நல்ல மனநிலையில் இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றான். “கூட்டத்துக்கு நீயும் வாரியாமே. கணக்குல மாத்தம் ஒண்ணும் இல்லியே?”

“அங்கதான் சொல்லணும்னு சொல்லியிருக்காங்க.”

“எங்கிட்டயுமா?”

“யாருகிட்டயும்.”

“சரி, சரி” என்று சிரித்தான். “எந்தங்கச்சி கணக்கு தப்பாதுன்னு எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், பாத்துக்கோ.”

குத்திக் காட்டுகிறான். எங்கள் நிலையத்தில் யாரோ உளறி, கணக்கு கவிழ்ந்தது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் இத்தனை சந்தோஷம்? புதன்கிழமை கூட்டத்தில் நான் எழுந்து நின்று என் அண்ணனுக்கு அந்தக் கடலைத் தூக்கிக் கொடுக்கப் போகிறேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

தூக்கமில்லை.

ஏப்ரல் 8, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மீனவர் கூடத்தில் உட்கார இடமில்லை. வலப்பக்கம் வள்ளக்காரர்கள், இடப்பக்கம் விசைப்படகுக்காரர்கள், நடுவில் நாற்காலிகளை இழுத்துப் போட்டு யாரோ எல்லை கட்டியிருந்தார்கள். தலைமைக்கு வந்த அதிகாரி அம்மா முதலில் விசைப்படகுப் பக்கத்தைப் பேசச் சொன்னார். எழுந்தது பெனிட்டோ அண்ணன். வெள்ளைச் சட்டை, கையில் பத்திரிகைத் துண்டு.

அறிக்கையைத் தாக்கப் போகிறான் என்று அவனை முறைத்தபடி நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“அம்மா, ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு? உயிர்கள் மீளும் வரைன்னு எழுதியிருக்கு. ஆறு வருஷம் நாங்க வாய மூடிக்கிட்டு இருந்தோம். ஒரு படகு உள்ள போகல. இப்ப மூணு மடங்கு பெருகியாச்சு. இத நாங்க சொல்லல, என் கூடப்பொறந்தவ சொல்லுதா. இந்தா ஒக்காந்திருக்கா. மீண்டாச்சு. சொன்ன வாக்குப்படி தொறந்து விடுங்க. புழு இருந்தா எறா இருக்கும். எங்க பிள்ளைகளும் சாப்பிடட்டும்.”

இடப்பக்கம் முழுக்கக் கைதட்டல். இன்னாசி அண்ணாச்சியின் முகத்தில் ரத்தம் இல்லை. மூன்று மடங்கு தன் பக்கத்து ஆயுதம் என்று அவரும் நினைத்திருந்தார். சாரும் நினைத்திருந்தார். நானும்தான். ஒப்பந்தத்தின் அந்த வரியை இந்த நாட்குறிப்பிலேயே நான் எழுதி வைத்திருக்கிறேன்.

அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

மூன்று மடங்கு தவறு என்று சொன்னேன். சல்லடையை எடுத்துக் காட்டி, உயிருள்ள புழு எப்படி நழுவும், செத்தது எப்படித் தங்கும் என்று விளக்கினேன். பிறகு சொன்னேன்: “மூடின எடத்துல எதுவும் கூடல. இருந்தது அப்படியே இருக்கு. வெளிய பாதி போயிருச்சு. இன்னும் எதுவும் மீளல.”

நான் அண்ணனைப் பார்க்காமல்தான் பேசினேன். முடித்த பிறகு பார்த்தேன். அவன் பத்திரிகைத் துண்டை மடித்துக்கொண்டிருந்தான். மடித்து, இன்னும் மடித்து, சட்டைப் பையில் வைத்தான்.

“நீதான் கணக்குப் போட்டேன்னு சொன்ன” என்றான். மைக் இல்லாமல், என்னிடம் மட்டும் சொல்வது போல. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

மீளாததால் ஒப்பந்தப்படி மூடியே இருக்கும் என்று முடிவானது. வலப்பக்கம் ஆரவாரம். இன்னாசி அண்ணாச்சி ஓடி வந்து கையைப் பிடித்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

அண்ணன் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

எடுக்கவில்லை. ஷமீமா மதியம் தன் டிபனில் பாதியை என் தட்டில் வைத்தாள். தீசிஸ் மூன்றாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதத் தொடங்கிவிட்டாள், தலைப்பு “சலிப்பதற்கு முன்னும் பின்னும்”. நன்றாக இருக்கிறது என்றேன். மனம் அதில் இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

நானே போனேன். தெரு முனையிலேயே திரும்பிவிடலாமா என்று இருந்தது.

அண்ணன் வாசலில் பனியனோடு உட்கார்ந்து எஞ்சின் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தான். மைனி நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் உட்காரவில்லை.

“அண்ணே, கணக்கு மாறுனத உங்கிட்ட முன்னாடியே சொல்ல முடியல. சொன்னா முறையில்ல.”

“தெரியும். அதுக்கு நான் கோவிக்கல.” வால்வைத் திருப்பித் திருப்பித் துடைத்தான். “கணக்கு மாறுறது உண்டு. நானும் மீன் இருக்குன்னு போயி வெறும் மடியோட வந்திருக்கேன். அது இல்லட்டி. அன்னைக்கு என்னய ஒரு பார்வ பாத்த பாரு, நான் பேச எந்திரிக்கும்போது. திருடனப் பாக்கற மாதிரி. என்னய என்னன்னு நெனச்ச?”

பொய் சொல்ல வரவில்லை.

“கொறஞ்சிருக்குன்னு வந்தா உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்.”

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். புரியாமல் பார்த்தான்.

“கொறஞ்சா எனக்கு எதுக்குட்டி சந்தோஷம்? நான் மீன் பிடிக்கறவன்.”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கடலுக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று அவன் ஒவ்வொரு தடவை கேட்டபோதும், இருக்க வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறான். இந்தத் தெருவில் என் கணக்கைப் படித்துவிட்டு முழுதாக நம்பிய ஒரே ஆள் அவன். இரண்டு மாதமாக அவனைப் பற்றி இத்தனை எழுதியிருக்கிறேன், அவனிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அதை அவனிடமே சொன்னேன்.

“சரி, விடு” என்றான். வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி, “வெளிய பாதி போச்சுன்னியே, அது நாங்க இழுக்கற எடந்தான?” என்றான்.

“ஆமாண்ணே.”

“எனக்கும் மடி லேசாத்தான் வருது. அஞ்சாறு வருஷமா. எவன்ட்டயும் சொல்லிக்கல.” வால்வைக் கீழே வைத்தான். “இழுக்காம விட்டா அங்கயும் திரும்ப வருமா?”

“தெரியாது.”

“உனக்கே தெரியாதா?”

“யாருக்கும் தெரியாதுண்ணே. இந்தச் சேத்துல கொறஞ்சுபோன எடத்த யாரும் விட்டுப் பாத்ததில்ல.”

அவன் எழுந்து கையைப் பனியனில் துடைத்துக்கொண்டான். உள்ளே பார்த்து, “இவளுக்கும் சேத்து ஒல வையி” என்று மைனிக்குக் குரல் கொடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, “எவ்வளவு எடம் விடணும், எத்தன வருஷம் விடணும், அத மட்டும் சொல்லு” என்றான்.